எல்ஜின் ரோட்டுப் பையனைச் சேர்த்துக்கொண்ட பாதிரியார்

சாப்ளின் என்றதும் கைத்தடியும் தொப்பியுமாக ஆடி ஆடி நடக்கிற சார்லிதான் நம்மில் பலருக்கும் நினைவுக்கு வருவார். இது அவர் இல்லை :-) கல்லூரி, ஆஸ்பத்திரி, ராணுவம், ஜெயில் மாதிரி இடங்களில், வீட்டை விட்டு வந்து இருப்பவர்களின் மனசுக்குத் துணையாக ஒரு பாதிரியாரை நியமிப்பார்கள். அவருக்கு ஆங்கிலத்தில் இந்தப் பெயர்.

போன மாதம் மஸ்கட்டிலிருந்து என் தங்கை போன் செய்தாள். பையன் இங்கிலாந்தில் ஒரு யுனிவர்சிட்டியில் சேர்ந்து மூன்று வாரம்தான் ஆகிறது. வரவேற்பு மெயிலில் சாப்ளின்கள் பட்டியல் ஒன்று வந்திருக்கிறதாம். "எப்போ வேணும்னாலும் வந்து பேசலாம்னு போட்டிருக்கு அண்ணா. தனியா இருக்கிற பிள்ளையை மதம் கிதம் மாத்திடுவாங்களோ?" பட்டியலை முழுசாகப் படி என்றேன். படித்தாள். பாதிரியார்கள் இருந்தார்கள், ஒரு முஸ்லிம் பெரியவர் இருந்தார், ஒரு சீக்கியர் இருந்தார், ஒரு குஜராத்திக்காரரும் இருந்தார். அமெரிக்காவில் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகம் 2008-லேயே இந்து மாணவர்களுக்கென்று ஒருவரை நியமித்துவிட்டது. அதைச் சொன்னதும் கொஞ்சம் சமாதானமானாள். ஆனால் அவள் கேட்ட கேள்வி எனக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. காரணம், அதே கேள்வியை என் ஊரான இந்தக் கல்கத்தாவில் (2001-லிருந்து கொல்கத்தா, எனக்கு வாய் பழகவில்லை) அப்பா அம்மாக்கள் 180 வருஷத்துக்கு முன்னாலேயே கேட்டிருக்கிறார்கள்.

அந்தச் சொல் எங்கிருந்து வந்தது என்பதே ஒரு கதை. நாலாம் நூற்றாண்டில் மார்ட்டின் என்றொரு ரோமாபுரிச் சிப்பாய். குளிரில் நடுங்கிய ஒரு பிச்சைக்காரனைப் பார்த்ததும் தன் போர்வை அங்கியை வாளால் இரண்டாகக் கிழித்துப் பாதியை அவனுக்குக் கொடுத்தார் என்பது ஐதீகம். பிற்பாடு அவர் பிரான்சில் தூர் நகரத்துக்கு பிஷப் ஆனார். அவர் காலத்துக்குப் பிறகு அந்த மீதிப் பாதி அங்கியை பிராங்கிய ராஜாக்கள் புனிதப் பொருளாக வைத்திருந்தார்கள். லத்தீனில் அந்தச் சின்ன அங்கிக்கு கப்பெல்லா என்று பெயர், அதைப் பாதுகாத்தவர்கள் கப்பெல்லானி. அதுதான் தேய்ந்து சாப்ளின் ஆனது. நம்ம பாரி முல்லைக்குத் தேர் கொடுத்தான் இல்லையா, அந்த ரகம். என்ன, இங்கே பாதியை வைத்துக்கொண்டார். பாங்க்காரனான எனக்கு இதுதான் நடைமுறைக்கு ஒத்துவருகிற தர்மமாகத் தெரிகிறது.

சரி, விஷயத்துக்கு வருவோம். அந்தக் காலத்துப் பெற்றோர் பயந்ததில் நியாயம் இருந்ததா? இருந்தது. அலெக்சாண்டர் டஃப் என்ற ஸ்காட்லாந்து பாதிரியார் 1830-ல் இங்கே ஆங்கிலப் பள்ளி தொடங்கியபோது தன் நோக்கத்தை ஒளிக்கவே இல்லை. படிப்பு வழியாகக் கிறிஸ்துவிடம் கொண்டுபோவதுதான் திட்டம். அப்படியும் ராஜா ராம்மோகன் ராய் அவருக்கு இடம் பிடித்துக் கொடுத்து, முதல் நாள் கூடவே வந்து உட்கார்ந்தார். ஆங்கிலப் படிப்பு பையன்களுக்கு வேண்டும் என்பது அவர் கணக்கு. 1843-ல் ஹிந்து காலேஜ் மாணவர் மதுசூதன தத்தர் கிறிஸ்தவரானார். வங்காளத்தின் மகாகவி ஆகப்போகிறவர். ஹிந்து காலேஜில் தொடர முடியவில்லை. அப்பாவோடு உறவு முறிந்தது. 1848-ல் நம்ம மெட்ராசுக்கு வந்து அநாதைப் பிள்ளைகள் பள்ளியில் வாத்தியார் வேலை பார்த்தார் பாவம். 1845-ல் டஃப் பள்ளி மாணவர் ஒருவர் மனைவியோடு மதம் மாறியபோது ஊரே கொதித்தது. தேவேந்திரநாத் தாகூர் (ரவீந்திரரின் அப்பா) வீடு வீடாகப் போய்ப் பணம் திரட்டி, இந்துப் பிள்ளைகளுக்கென்று இலவசப் பள்ளி ஏற்படுத்த முன்னின்றார். ஆக, என் தங்கை ஒன்றும் புதிதாகப் பயந்துவிடவில்லை.

ஆனால் கதை அதோடு முடியவில்லை. 1857-ல் கல்கத்தா பல்கலைக்கழகம் வந்தது. டாக்கா, பரிசால், கட்டாக் என்று எங்கெங்கிருந்தோ பையன்கள் வந்து குவிந்தார்கள். பல்கலைக்கழகம் பரீட்சை வைக்கும், பட்டம் கொடுக்கும். எங்கே தூங்குகிறாய், என்ன சாப்பிடுகிறாய் என்று கேட்காது. ஊர்க்காரர்கள் சேர்ந்து வாடகைக்கு எடுத்த 'மெஸ்' வீடுகளில் ஒரே அறையில் பல பேர் நெருக்கியடித்துக்கொண்டு படித்தார்கள். மேன்ஷன் வாழ்க்கையை அனுபவித்தவர்களுக்கு மேலே விளக்க வேண்டாம். கர்சன் காலத்துச் சட்டம் 1904-ல் வந்த பிறகுதான், மாணவன் எங்கே தங்குகிறான் என்பதும் கல்லூரியின் பொறுப்பு என்று ஆனது.

அதற்கு 24 வருஷம் முன்னாலேயே, 1880-ல், ஆக்ஸ்போர்டிலிருந்து சில பாதிரியார்கள் ஒரு சங்கமாகக் கிளம்பி இங்கே வந்தார்கள். கல்கத்தா பிஷப் ஜான்சன் கேட்டுக்கொண்டதன் பேரில் வந்த 'ஆக்ஸ்போர்ட் மிஷன்' அது. நேராகப் பல்கலைக்கழக மாணவர்களை நாடி வந்ததுதான் இவர்களிடம் வித்தியாசம். 1883-ல் 'எபிஃபனி' என்றொரு வாரப் பத்திரிகை ஆரம்பித்தார்கள். மாணவர்கள் கேள்வி எழுதலாம், எதிர்த்தும் எழுதலாம், பதில் வரும். விடுதியும் நடத்தினார்கள். மதம் மாற்றுகிற கணக்கில் பார்த்தால் படித்த பையன்களிடம் இவர்களுக்குப் பெரிதாக ஒன்றும் தேறவில்லை. தங்க இடம், விவாதம் பண்ண ஒரு ஆள், இவை இரண்டையும் பையன்கள் சந்தோஷமாக எடுத்துக்கொண்டார்கள். பைபிளை மரியாதையோடு திருப்பிக் கொடுத்துவிட்டார்கள்.

இந்தப் பக்கமிருந்து நம் பக்கம் போன ஒருவரையும் சொல்லியாக வேண்டும். ராமகிருஷ்ணரின் சீடர் ராமகிருஷ்ணானந்தர், வீட்டுப் பெயர் சசி, ஹூக்ளி ஜில்லாக்காரர். கல்கத்தாவில் காலேஜ் படித்தவர். விவேகானந்தர் சொன்னதால் 1897-ல் மெட்ராஸ் போய் ஐஸ் ஹவுசில் தங்கி வேலை பார்த்தார். 1905 பிப்ரவரியில் மயிலாப்பூரில் ஏழை மாணவர்களுக்கு ஒரு இல்லம் தொடங்கினார். ராமசாமி ஐயங்கார், ராமானுஜாச்சாரி என்று இரண்டு பேர் தோள் கொடுத்தார்கள். அதுதான் இன்றைக்கும் நடக்கிற ராமகிருஷ்ண மிஷன் மாணவர் இல்லம். சாப்ளின் என்ற பட்டம் இல்லையே தவிர, செய்தது அதேதான். கூடவே சோறும் போட்டார். 1911-ல் உடம்பு முடியாமல் இங்கே திரும்பி வந்து, இங்கேயே காலமானார்.

பட்டத்தோடு அந்த வேலையைச் செய்தவர் என்றால் சேசு சபை பாதிரியார் பியேர் செராக். பிரெஞ்சுக்காரர், 1914-ல் பிறந்து 1937-ல் இந்தியா வந்து தமிழும் சமஸ்கிருதமும் படித்தவர். அகில இந்திய கத்தோலிக்க பல்கலைக்கழக மாணவர் கூட்டமைப்புக்கு 1950-களிலும் 60-களிலும் ஆன்ம வழிகாட்டியாக இருந்தார். காலேஜ் பிள்ளைகளைச் சேரிகளுக்கும் கிராமங்களுக்கும் கூட்டிப்போய் மண் சுமக்க வைத்தார். அப்புறம் ராமநாதபுரம் சீமையில் கிணறு வெட்டினார், 1980-க்குப் பிறகு தாய்லாந்து எல்லையில் கம்போடிய அகதிகளோடு வருஷக்கணக்கில் இருந்தார். 2012-ல் சென்னையில் காலமானார். அவரைப் பற்றித் தனியாகவே எழுத வேண்டும்.

பவானிபூர்க்காரன் என்று சொல்லிக்கொண்டு பவானிபூருக்கே இன்னும் வரவில்லை பாருங்கள். இங்கே நேதாஜி பவன் மெட்ரோ ஸ்டேஷனில் இறங்கி எல்ஜின் ரோட்டில் நடந்தால் 38/2-ம் நம்பர் வீடு. ஜானகிநாத் போஸ் 1909-ல் கட்டியது. கட்டாக்கில் வக்கீல், பிள்ளைகளின் மேல்படிப்பு கல்கத்தாவில். 1913-ல் மெட்ரிகுலேஷனில் மாகாணத்திலேயே இரண்டாவதாக வந்து பிரெசிடென்சி காலேஜில் சேர்ந்த மகன் சுபாஷ், அடுத்த வருஷமே கோடை விடுமுறையில் வீட்டில் சொல்லாமல் ஒரு நண்பனோடு குரு தேடிக் கிளம்பிவிட்டார். ரிஷிகேஷ், ஹரித்துவார், மதுரா, பிருந்தாவனம் என்று சுற்றியும் மனசுக்குப் பிடித்த சாமியார் கிடைக்கவில்லை. காசியில் ராமகிருஷ்ண மடத்து பிரம்மானந்தர் அன்பாக வரவேற்றார். வீடு திரும்பினார், டைபாய்டில் படுத்தார். பதினேழு வயசு. நன்றாகப் படிக்கிற பையனுக்கு என்ன குறை என்று அந்த வீட்டிலும் பேசியிருப்பார்கள்.

1916 ஜனவரியில் ஓட்டன் என்ற வரலாற்றுப் பேராசிரியர் மாணவர்கள் மேல் கைவைத்தார் என்று காலேஜில் ஸ்ட்ரைக். பிப்ரவரியில் மறுபடியும் தகராறு. மாடிப்படி அருகே ஓட்டன் அடிபட்டார். தான் கண்ணால் பார்த்ததாகத்தான் சுபாஷ் பிற்பாடு எழுதினார். ஆனாலும் காலேஜ் அவரை வெளியேற்றியது. விசாரணைக் கமிட்டித் தலைவர் சர் ஆசுதோஷ் முகர்ஜி. அவர் வீடும் பவானிபூர்தான், எல்ஜின் ரோட்டிலிருந்து நடந்து போகிற தூரம். கமிட்டி முன்னால் சுபாஷ், அடித்தது சரியல்ல, ஆனால் மாணவர்கள் ரொம்பவே சீண்டப்பட்டார்கள் என்றார். 'தப்புதான், இனிமேல் நடக்காது' என்று மட்டும் சொல்லியிருந்தால் ஒருவேளை தப்பித்திருக்கலாம். சொல்லவில்லை. எந்தக் காலேஜிலும் சேர முடியாதபடி படிப்பு நின்றது.

கட்டாக்கில் ஒரு வருஷத்துக்கு மேல். காலரா நோயாளிகளுக்குப் பணிவிடை செய்தார். பட்டாளத்தில் சேரப் போனார், கண்பார்வை சரியில்லை என்று திருப்பி அனுப்பினார்கள். (பின்னாளில் ஒரு பட்டாளத்துக்கே தலைவரானவரை!) 1917-ல் பல்கலைக்கழகம் வேறு கல்லூரியில் சேர அனுமதித்தபோது ஸ்காட்டிஷ் சர்ச்சஸ் காலேஜுக்குப் போய் டாக்டர் அர்க்கார்ட்டைப் பார்த்தார்.

வில்லியம் ஸ்பென்ஸ் அர்க்கார்ட் பாதிரியார், தத்துவப் பேராசிரியர். பிற்பாடு வேதாந்தம் பற்றிப் புத்தகமே எழுதியவர். அவருக்கும் சாப்ளின் என்ற பதவி கிடையாது. போலீஸ் கண் வைத்திருந்த, வெள்ளைக்காரப் பேராசிரியர் அடிபட்ட கேஸில் வெளியேற்றப்பட்ட பையன் எதிரே நிற்கிறான், அதுவும் உலக யுத்தம் நடக்கிற நேரத்தில். ஒரு வெள்ளைக்காரருக்கு 'சீட் இல்லை' என்று சொல்வதைவிடச் சுலபமான காரியம் இருந்திருக்காது. அவர் சொன்னது: பழைய காலேஜின் பிரின்ஸிபாலுக்கு ஆட்சேபம் இல்லையென்றால் நான் சேர்த்துக்கொள்கிறேன். எங்கள் பாங்க் பாஷையில், என்.ஓ.சி. வாங்கி வா. அண்ணன் சரத் பேசி ஏற்பாடு செய்தார். அங்கே பிரின்ஸிபாலும் மாறியிருந்தார். சுபாஷ் நேரில் போய்ப் பார்த்தார், காகிதம் கிடைத்தது.

எனக்கு இந்த என்.ஓ.சி. விஷயம்தான் ரொம்பப் பிடித்தது. உணர்ச்சிவசப்பட்டு விதியை மீறவும் இல்லை, விதியின் பின்னால் ஒளிந்துகொள்ளவும் இல்லை. வழி எது என்று சொல்லி, கடைசிப் படியில் தான் நிற்பதாக வாக்குக் கொடுத்தார். இருபது வருஷத்துக்கு மேல் கவுண்டரின் இந்தப் பக்கம் உட்கார்ந்தவன் என்ற முறையில் சொல்கிறேன், 'முடியாது' என்பதற்கு ஆயிரம் சர்க்குலர் கிடைக்கும். ஆளைப் பார்த்து வழி சொல்கிறவர்கள் குறைவு.

சுபாஷை அவர் மதம் மாற்றவில்லை. அவர் வகுப்பில் உட்கார்ந்த சுபாஷ் கடைசிவரை விவேகானந்தர் பக்தர்தான் (விவேகானந்தர் படித்ததும் அதே கல்லூரி). தன் சுயசரிதையில் அர்க்கார்ட்டை இங்கிதம் தெரிந்தவர், அனுசரணையானவர் என்று எழுதியிருக்கிறார். 1919-ல் தத்துவத்தில் முதல் வகுப்பு. 1920-ல் ஐ.சி.எஸ்-ஸில் நாலாவது இடம், 1921-ல் ராஜினாமா. அர்க்கார்ட் 1928-லிருந்து 1930 வரை கல்கத்தா பல்கலைக்கழகத் துணைவேந்தராக இருந்தார்.

இப்போது நம் நாட்டு நிலைமை: தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி 2021-ல் மட்டும் தற்கொலை செய்துகொண்ட மாணவர்கள் 13,089 பேர். 2025 ஜூலையில் சுப்ரீம் கோர்ட், நூறு மாணவர்களும் அதற்கு மேலும் உள்ள கல்வி நிறுவனம் ஒவ்வொன்றிலும் தகுதி பெற்ற மனநல ஆலோசகர் ஒருவராவது இருக்க வேண்டும் என்று உத்தரவு போட்டது. கல்லூரியில் பிள்ளையைச் சேர்க்கப் போகிறவர்கள், பிளேஸ்மென்ட் எவ்வளவு பர்சென்ட் என்று கேட்கும்போது, அந்த ஆள் யார், எந்த ரூமில் எத்தனை மணிக்கு இருப்பார் என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். மார்க் போடுகிறவராகவோ ஹாஸ்டலில் அபராதம் எழுதுகிறவராகவோ அவர் இல்லாமல் இருந்தால் ரொம்ப நல்லது.

கல்கத்தா வந்தால் வடக்கே ஹேதுவா பக்கம் ஒருமுறை போய்ப் பாருங்கள். பழைய கார்ன்வாலிஸ் ஸ்கொயர் குளமும் பூங்காவும் இப்போது ஆசாத் ஹிந்த் பாக். அதை ஒட்டித்தான் ஸ்காட்டிஷ் சர்ச் காலேஜ். அதன் விலாசம் அர்க்கார்ட் ஸ்கொயர்.