ஒரு மடக்கு ஸ்பூனும் 45 நாள் தண்டனையும்

2009-ல், அமெரிக்காவின் டெலவேர் மாநிலத்தில் நடந்த கதை இது. ஒன்றாம் வகுப்புப் பையன், வயசு 6. சாரணர் படையில் புதுசா சேர்ந்திருக்கான். முகாமில் சாப்பிடுவதற்கென்று கத்தி, ஃபோர்க், ஸ்பூன் மூணும் ஒண்ணா மடங்குகிற ஒரு கருவி வைத்திருந்தான். ஆசையில் மதியச் சாப்பாட்டுக்குப் பள்ளிக்கே எடுத்துட்டுப் போயிட்டான். பள்ளி விதியில் கத்தின்னா ஆயுதம். எதுக்குக் கொண்டு வந்தாய் என்று கேட்க அந்த விதியில் இடமே இல்லை. ஒழுங்கு தவறிய பிள்ளைகளுக்கான தனிப் பள்ளியில் 45 நாள் என்று முடிவானது. நாடே கொந்தளித்த பிறகு பள்ளி வாரியம் சின்ன வகுப்புகளுக்கு விதியைத் தளர்த்தியது.

சிரிப்பா இருக்கு, இல்லையா? ஆனா இதுக்குப் பின்னாடி இருந்த பயம் பொய்யில்லை. அதைச் சொல்லாம இந்த வரலாற்றைச் சொன்னா அது நியாயமாகாது.

'ஜீரோ டாலரன்ஸ்' என்ற சொல் பள்ளிக்கூடத்தில் பிறக்கவில்லை. 1980-களின் போதைப்பொருள் வேட்டையில் பிரபலமான சொல் அது. துளி கஞ்சா கிடைத்தாலும் படகையே பறிமுதல் செய்த சுங்கத்துறையின் நடைமுறைக்கு அந்தப் பேர். அதே காலத்தில், 80-களின் நடுவிலிருந்து, இளைஞர்கள் செய்யும் கொலைகள் கூடிக்கொண்டே போயின. 1994-ல் கிளின்டன் கையெழுத்திட்ட சட்டம், பள்ளிக்குத் துப்பாக்கி கொண்டுவரும் மாணவரை ஓராண்டு வெளியேற்றச் சொன்னது. அப்படிச் சட்டம் போடாத மாநிலத்துக்கு மத்திய அரசின் கல்வி நிதி கிடையாது.

1995-ல் பேராசிரியர் ஜான் டியூலியோ 'சூப்பர் பிரடேட்டர்' என்று ஒரு சொல்லை எழுதி, இரக்கமே இல்லாத ஒரு தலைமுறை வரப்போகிறது என்று எச்சரித்தார். வரவில்லை. இளையோர் குற்றம் அதற்குள் இறங்கத் தொடங்கியிருந்தது. பின்னாளில் அவரே தன் கணிப்பு தப்பு என்று ஒத்துக்கொண்டார். ஆனால் 1998-ல் ஜோன்ஸ்போரோவில் 11 வயதும் 13 வயதுமான இரண்டு பையன்கள் சுட்டதில் 5 பேர் இறந்தார்கள். 1999 ஏப்ரலில் கொலம்பைன். 12 மாணவர்களும் ஓர் ஆசிரியரும். அதுக்கப்புறம் எந்தப் பெற்றோர்கிட்ட போய் நீங்க புள்ளிவிவரம் பேசுவீங்க?

நான் மாட்டிக்கிட்ட இடம் ஒண்ணு உண்டு. 1994 சட்டத்தைப் படிச்சப்போ, அதிலேயே ஒரு விதிவிலக்கு இருந்தது: தண்டனையை ஒவ்வொரு வழக்காகப் பார்த்து மாற்றிக்கொள்ளலாம். அப்புறம் ஏன் ஆறு வயசுப் பையன்? மாவட்டங்கள் துப்பாக்கிக்கான விதியைக் கத்தி, மாத்திரை, சண்டை, எதிர்த்துப் பேசுவது வரை நீட்டிக்கொண்டே போயின. நீட்டினவங்க அந்த விதிவிலக்கைக் கூடவே எடுத்துட்டுப் போகலை. தலைமையாசிரியர் பக்கமும் யோசிக்கணும். ஒருத்தனை மன்னிச்சு இன்னொருத்தனைத் தண்டிச்சா, பாரபட்சம்னு பேர் வரும், வழக்கு வரும். எல்லாருக்கும் ஒரே விதின்னா தப்பிச்சுக்கலாம்.

ஆனா அது ஒரே விதியா வேலை செய்யலை. 1999-ல் இல்லினாய்ஸின் டெகேட்டரில் கால்பந்துப் போட்டியின்போது பார்வையாளர் பகுதியில் ஒரு கைகலப்பு. ஆயுதம் எதுவும் இல்லை. கறுப்பின மாணவர்களுக்கு இரண்டாண்டு வெளியேற்றம். ஜெஸ்ஸி ஜாக்சன் வந்து போராடிய பிறகுதான் அது ஓராண்டாகக் குறைந்தது. 2011-ல் வந்த டெக்சாஸ் ஆய்வு கிட்டத்தட்ட 10 லட்சம் மாணவர்களைப் பின்தொடர்ந்தது. ஏழாம் வகுப்புக்கும் பன்னிரண்டுக்கும் இடையில் ஏறக்குறைய 60 சதவீதம் பேர் ஒருமுறையாவது இடைநீக்கமோ வெளியேற்றமோ ஆகியிருந்தார்கள். சட்டம் கட்டாயமாக்கிய குற்றங்களுக்காக எடுத்த நடவடிக்கை வெறும் 3 சதவீதம்! மீதியெல்லாம் பள்ளியின் சொந்த முடிவு. விதி கையைக் கட்டிப்போட்டது என்பதை நானும் நம்பியிருந்தேன்.

2014-ல் ஒபாமா அரசு கறுப்பின மாணவர்கள் அதிகமாகத் தண்டிக்கப்படுவதைச் சுட்டிக்காட்டி ஒரு வழிகாட்டுதல் வெளியிட்டது. 2018 பிப்ரவரியில் பார்க்லண்டில் 17 பேர் கொல்லப்பட்டார்கள். பள்ளிப் பாதுகாப்புக்காக டிரம்ப் அரசு அமைத்த ஆணையம் பரிந்துரைக்க, அந்த டிசம்பரிலேயே வழிகாட்டுதல் திரும்பப் பெறப்பட்டது. பார்க்லண்டில் சுட்டவன் அந்தப் பள்ளியின் முன்னாள் மாணவன். அவனை வேறு பள்ளிக்கு அனுப்பி அப்போது ஏறத்தாழ ஒரு வருஷம் ஆகியிருந்தது.