சாதிக்கு ஒரு படம், ஓவியருக்குப் பெயரில்லை

பத்தொன்பதாம் நூற்றாண்டில் திருச்சிராப்பள்ளியிலிருந்து சீமைக்குப் போன சரக்குகளில் சுருட்டுக்குத்தான் பேர் அதிகம். கூடவே சின்னஞ்சிறு பெட்டிகளில் மைக்கா ஓவியங்களும் கப்பலேறின. காக்காப்பொன் என்று ஊர்ச் சனம் சொல்லும் அந்தக் கனிமத்தை மெல்லிய ஏடுகளாகப் பிரித்து, உள்ளங்கை அளவுக்கு நறுக்கி, அதன்மேல் ஆட்களை வரைந்தார்கள். குயவரும் மனைவியும், வண்ணாரும் மனைவியும், கள் இறக்குபவரும் மனைவியும், பாம்பாட்டி, தாசி, டவாலிச் சேவகன். ஒவ்வொருவர் கையிலும் அவரவர் தொழிற்கருவி இருக்கும். அடியில் சாதியின் பெயரோ தொழிலின் பெயரோ எழுதியிருக்கும். நின்றவரின் பெயர் இருக்காது. வரைந்தவரின் பெயரும் இருக்காது.

1801இல் கர்நாடக நவாபின் சீமை முழுக்கக் கிழக்கிந்தியக் கும்பினியார் கைக்கு வந்தது. திருச்சியில் பட்டாளம் தங்கியது. நாயக்கர், மராத்தியர், நவாப் அரண்மனைகளை நம்பி வாழ்ந்த ஓவியக் குடும்பங்கள் புதிய புரவலரைத் தேட வேண்டியிருந்தது. தஞ்சை, திருச்சி வட்டாரத்து ஓவியர்களில் பலர் தெலுங்கு பேசும் ராஜு குடும்பத்தினர். சாமி படமும் அரசர் படமும் எழுதிப் பழகிய அந்தக் கைகளிடம், துரைமார் கேட்டது வேறு: இந்த நாட்டு மனிதர்கள் வகைக்கு ஒருவராக வேண்டும், மூட்டையில் வைத்து ஊருக்கு அனுப்பத் தோதாக இருக்க வேண்டும், விலையும் கையைக் கடிக்கக் கூடாது. மைக்கா மூன்றுக்கும் பொருந்தியது. வடக்கே முர்ஷிதாபாத், பாட்னா, காசி என்று இந்தத் தொழில் நடந்தது. தெற்கே அதற்குப் பெயர் வாங்கிய ஊர் திருச்சி.

மைக்கா ஓவியத்தில் ஒரு வேடிக்கை வகை உண்டு. கெட்டி அட்டையில் ஒரு முகம் மட்டும் வரைந்திருப்பார்கள். அதோடு ஒரு கட்டு மைக்கா ஏடுகள் வரும். ஒவ்வோர் ஏட்டிலும் தலைப்பாகை, அங்கவஸ்திரம், ஆயுதம், நகை எல்லாம் தீட்டியிருக்கும். முகம் இருக்க வேண்டிய இடத்தை மட்டும் வண்ணம் படாமல் விட்டிருப்பார்கள். ஏட்டை எடுத்து அட்டையின்மேல் வைத்தால் அந்த முகம் சிப்பாயாகும். அடுத்த ஏட்டை வைத்தால் பண்டாரமாகும், அதற்கடுத்து வணிகராகும். இங்கிலாந்தில் ஏதோ ஒரு வீட்டின் மாடத்தில் பிள்ளைகள் அதை வைத்து விளையாடியிருக்கலாம். தனி ஆளின் முகம் எதுவாக இருந்தாலும் ஒன்றுதான், உடுப்புத்தான் ஆள் என்று அந்தப் பெட்டி சொன்னது.

விளையாட்டுச் சாமானாக இருந்தது பிறகு அரசாங்கக் காரியமாயிற்று. 1868 முதல் 1875 வரை எட்டுத் தொகுதிகளாக வந்த ‘இந்திய மக்கள்’ நூலில் தூரிகையின் இடத்தைப் புகைப்படக் கருவி பிடித்தது. சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன் இன்னும் ஒரு படி மேலே போனார். அளவுகோலும் இடுக்கியுமாக மனிதர்களின் தலை அகலத்தையும் மூக்கு நீளத்தையும் அளந்து இனம் பிரித்தார். தென்னிந்தியச் சாதிகளையும் பழங்குடிகளையும் பற்றிய அவருடைய ஏழு தொகுதிகள் 1909இல் வெளிவந்தன. திருச்சி ஓவியர் கண்ணளவில் செய்த வகைப்பாட்டுக்கு அங்கே விஞ்ஞான முத்திரை விழுந்தது. அந்த முத்திரையின் செல்வாக்கு பிற்காலத்தில் சரிந்தது. நூல்கள் மட்டும் இன்றும் மறுபதிப்புக் காண்கின்றன.

கும்பினிக் காலத்துத் தமிழ்நாட்டு ஓவியர்களில் பெயரோடு நிற்பவர்கள் மிகச் சிலர். அவர்களில் ஒருவர் வேலூர் எல்லப்பா. 1830களில் அவர் தம்மையே வரைந்துகொண்டார், அதுவும் வேலை செய்துகொண்டிருக்கும் கோலத்தில். பிறரை வகை வகையாக வரைந்த கை, ‘இதை வரைந்தவன் நான்’ என்று ஒரே ஒரு தாளில் சொல்லிவிட்டது. திருச்சியிலிருந்து போன நூற்றுக்கணக்கான மைக்கா ஏடுகளுக்கு அப்படிச் சொல்ல ஆளில்லை. லண்டன் அருங்காட்சியகங்களில் அவற்றின் அருகே ஊர் பெயர் இருக்கிறது, காலம் இருக்கிறது.

இதே நூற்றாண்டில், இதே ஊரில், ஆட்களை வேறு விதமாகச் சேர்த்த ஒரு கூட்டமும் இருந்தது. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை 1815இல் பிறந்தவர். 1860 வாக்கில் மாயூரம் போகும்வரை அவருக்குத் திருச்சிதான் ஊர். பாடம் கேட்க வந்தவர்களின் பட்டியலைப் பார்த்தால், பூவாளூர்த் தியாகராச செட்டியார் இருக்கிறார், புதுவைக் கிறிஸ்தவர் சவராயலு நாயகர் இருக்கிறார், நாகூர் குலாம் காதிறு நாவலர் இருக்கிறார். பின்னாளில் மாயூரத்தில் உ.வே. சாமிநாதையர் வந்து சேர்ந்தார். திருச்சி அருகே குளத்தூரில் பிறந்த கத்தோலிக்கரான வேதநாயகம் பிள்ளை மகாவித்துவானின் நண்பர். அவர்மேல் மகாவித்துவான் பாடியதுதான் ‘குளத்துக்கோவை’. சைவப் புலவர் ஒருவர் கிறிஸ்தவ நண்பரைக் கோவைக்குப் பாட்டுடைத் தலைவராக்கினார். அந்த நண்பர் 1879இல் தமிழின் முதல் நாவலை வெளியிட்டார், சர்வ சமய சமரசக் கீர்த்தனைகளும் பாடினார்.

அங்கே எல்லாம் சமமாகவும் இருந்துவிடவில்லை. மாயூரத்தில் படித்தபோது சாமிநாதையருக்குப் பாடம் ஆசிரியர் வீட்டில், சாப்பாடு வேறு வீட்டில். சாதிக் கட்டு பந்தியில் இருந்தது, பாடத்தில் தளர்ந்தது. ஆனாலும் மைக்கா பெட்டிக்கும் பாடம் நடந்த இந்தத் திண்ணைக்கும் இருக்கும் வித்தியாசம் சிறியதல்ல. இங்கே கிறிஸ்தவரும் முஸ்லிமும் வகைக்கு ஒரு மாதிரியாக நிற்கவில்லை. பாட்டெழுதினார்கள், தம் பெயரில் நூல் வெளியிட்டார்கள்.

காவிரியைத் தாண்டி ஸ்ரீரங்கத்துக்குப் போனால் இதே கணக்கு இன்னும் பழமையானது. உறையூரில் பிறந்த திருப்பாணாழ்வார் பாணர் குலம். அந்தக் குலத்தாருக்குக் கோயில் தீவில் கால் வைக்க இடமில்லை என்பதால், ஆற்றின் தென்கரையில் நின்றபடியே யாழ் மீட்டி அரங்கனைப் பாடினார் என்பது குருபரம்பரைக் கதை. விலகச் சொல்லிக் கல்லெறிந்த லோகசாரங்க முனிவரே பின்பு அவரைத் தோளில் சுமந்து சந்நிதிக்குள் கொண்டுபோனார். அதனால் அவருக்கு முனிவாகனர் என்று பெயர். அவர் பாடிய ‘அமலனாதிபிரான்’ பத்தே பாசுரம். அந்தப் பத்துக்கு வேதாந்த தேசிகர் ‘முனிவாகன போகம்’ என்று தனி உரையே எழுதினார்.

பாட்டு உள்ளே போய்விட்டது. பாடியவரின் சனம் வெளியிலேயே நின்றது. மதராஸ் மாகாணத்தில் 1939இல் கோயில் நுழைவுக்கு முதல் சட்டம் வந்தது, 1947இல் விரிவான சட்டம் வந்தது. ஒடுக்கப்பட்ட சாதியார் கோயிலுக்குள் போவது அதன் பிறகே சட்டப்படியான உரிமையாயிற்று. இடைப்பட்ட நூற்றாண்டுகளில் ஆழ்வாருக்குச் சிலையும் உற்சவமும் குறைவில்லாமல் நடந்தன.

துலுக்க நாச்சியாரும் இந்தக் கோயிலில்தான் இருக்கிறார். அரங்கன்மேல் காதல்கொண்டு டெல்லியிலிருந்து தேடி வந்த சுல்தானின் மகள் என்று கோயிலொழுகு அவர் கதையைச் சொல்கிறது. படையெடுப்புகளும் சூறையாடலும் நடந்த காலத்தோடு ஒட்டிய கதை அது. அவருக்கு விக்கிரகம் கிடையாது. சுவரில் தீட்டிய ஓவியமே சந்நிதி. அவர் நினைவாகப் பெருமாளுக்குக் கோதுமை ரொட்டி நைவேத்தியம் ஆகிறது, கைலியும் சாத்துகிறார்கள். எதிரிப் படையின் வீட்டுப் பெண்ணுக்குச் சுவரில் இடம் கொடுத்த ஊர் இது. அந்தப் பெண்ணின் இஸ்லாமியச் சமயத்தைச் சேர்ந்த ஒரு கலைஞர் இந்த ஊரில் தம் வாசிப்பால் பெயர் பெற இருபதாம் நூற்றாண்டு வர வேண்டியிருந்தது.

ஷேக் சின்ன மௌலானா 1924இல் ஆந்திரத்தின் ஓங்கோலை அடுத்த கரவதியில் பிறந்தவர். அந்த வட்டாரத்தில் தலைமுறை தலைமுறையாகக் கோயில்களில் நாகஸ்வரம் வாசித்துவரும் முஸ்லிம் குடும்பங்கள் உண்டு. அவருடையதும் அத்தகைய குடும்பம். டி.என். ராஜரத்தினம் பிள்ளையின் வாசிப்பில் மயங்கியவர், தஞ்சாவூர்ப் பாணியைக் கற்றே தீருவதென்று நாச்சியார்கோவில் ராஜம், துரைக்கண்ணு சகோதரர்களிடம் சேர்ந்தார். பிறகு ஸ்ரீரங்கத்திலேயே குடியேறினார்.

நாகஸ்வரம் வெளியாள் எளிதில் நுழையக்கூடிய தொழில் அல்ல. நரசிங்கம்பேட்டையில் பழைய ஆச்சாமரத்தைக் கடைந்து உடலைச் செய்வார்கள். ஊதுகிற சீவாளியை நாணலிலிருந்து செய்து நூலால் கட்டுவார்கள். வாசிப்பவர் அதை உதட்டில் நனைத்துப் பதம் பார்த்து, சரியில்லை என்றால் கழற்றி, கருவியோடு தொங்கும் சரத்திலிருந்து இன்னொன்றைப் பொருத்துவார். ஒரே துளையில் அரைச் சுரமும் கால் சுரமும் உதட்டழுத்தத்தால் பிறக்க வேண்டும். இதையெல்லாம் புத்தகத்தில் படித்துப் பிடிக்க முடியாது. பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக் கேட்டுத்தான் வரும். அந்த இடம் தமிழ்நாட்டில் பெரும்பாலும் இசை வேளாளர் வீடுகளில் இருந்தது. தெலுங்கு பேசும் முஸ்லிம் மாணவருக்கு நாச்சியார்கோவில் சகோதரர்கள் அந்த இடத்தைக் கொடுத்தார்கள். சின்ன மௌலானாவின் பெயர் வரும்போதெல்லாம் அவர்கள் பெயரும் வர வேண்டும்.

1977இல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. 1998இல் மியூசிக் அகாடமி சங்கீத கலாநிதி விருது தந்தது. 1999 ஏப்ரலில் காலமானார். ஸ்ரீரங்கத்தில் தாம் தொடங்கிய நாகஸ்வரப் பள்ளிக்கு அவர் வைத்த பெயர் சாரதா. கலைமகள் பெயர் தாங்கிய அந்தப் பள்ளியில் எல்லாச் சமயத்துப் பிள்ளைகளும் படித்தார்கள். பேரன்கள் காசிம், பாபு அவர் வழியைத் தொடர்கிறார்கள். அவரிடம் பயின்ற காலீஷாபி மெஹபூப், ஷேக் மெஹபூப் சுபானி தம்பதியும் ஸ்ரீரங்கத்தில் தங்கிவிட்டார்கள். 2020இல் இருவரும் பத்மஸ்ரீ பெற்றார்கள். பெரும்பாலும் ஆண்களே ஊதிவந்த கருவியைக் கணவருக்குச் சமமாக அமர்ந்து வாசிப்பவர் காலீஷாபி. மைக்கா ஏட்டில் ‘இன்னாரும் மனைவியும்’ என்று இருந்திருப்பார். கச்சேரி அழைப்பிதழில் அவர் பெயர் தனியாக இருக்கிறது.

எல்லா வாசலும் ஒரே நேரத்தில் திறக்கவில்லை. ஸ்ரீரங்கத்தில் திருப்பாணாழ்வார் பாசுரத்தையும் உள்ளடக்கிய திவ்வியப் பிரபந்தத்தை அபிநயத்தோடு பாடும் அரையர் சேவை, பரம்பரைக் குடும்பங்களின் ஆண்களிடமே தொடர்கிறது. இன்னொரு பக்கம், அதே அரங்கநாதர் கோயில் நடத்தும் அர்ச்சகர் பயிற்சிப் பள்ளியில் 2023 செப்டம்பரில் மூன்று பெண்கள் பயிற்சி முடித்துச் சான்றிதழ் பெற்றார்கள். அதற்கடுத்து அவர்களுக்குக் கோயில்களில் நேரடிப் பயிற்சி என்று ஏற்பாடாகியிருந்தது. பரம்பரை அல்லாதவர்களைக் கருவறைப் பணிக்கு நியமிப்பது குறித்த ஆகம வாதங்களும் வழக்குகளும் 1970களில் தொடங்கியவை, இன்னும் ஓயவில்லை.