இராகோவில் கரையேறிய நெற்று

1898-ம் ஆண்டு கோடை. ஜப்பானின் அட்சுமி தீபகற்ப முனையில் இருக்கிறது இராகோ. அங்கே தங்கியிருந்த யனகிதா குனியோ என்ற கல்லூரி மாணவர், காற்று பலமாக அடித்து ஓய்ந்த காலைகளில் கடற்கரைக்குப் போவார். அப்படி மூன்று முறை தேங்காயைப் பார்த்தார். ஒன்று உடைந்து வெள்ளைப் பருப்பு தெரிந்தது. மற்ற இரண்டும் மட்டை உரியாத முழு நெற்றுகள்.

தென்னை விளையாத மண் அது. தெற்கிலிருந்து வரும் குரோஷியோ நீரோட்டம்தான் காயைக் கொண்டுவந்திருக்க வேண்டும். நெற்றின் நாருக்குள் காற்று நிறைந்திருப்பதால் அது மூழ்காது. மேல்தோல் தண்ணீரை எளிதில் உள்ளே விடாது. மாதக்கணக்கில் மிதந்தாலும் உள்ளே உயிர் இருக்கும்.

டோக்கியோ திரும்பிய யனகிதா இதை நண்பர் ஷிமசாகி தோசோனிடம் சொன்னார். தான் கண்ணால் காணாத அந்தக் காயை வைத்து, ஊரைப் பிரிந்தவனின் ஏக்கத்தைத் தோசோன் 1900-ல் கவிதையாக்கினார். 1936-ல் அது மெட்டமைக்கப்பட்டு வானொலியில் ஒலித்தது. இன்றும் ஜப்பானியர் பாடுகிறார்கள்.

காயின் பயணம் அதோடு நிற்கவில்லை. இரண்டாம் உலகப் போரில் தோற்ற ஜப்பான் 1952-ல் இறையாண்மையை மீண்டும் பெற்றது. ஆனால் அதன் தெற்கேயுள்ள ஒகினாவா அமெரிக்கர் கையிலேயே இருந்தது. அதே ஆண்டில், ஜப்பானிய நாட்டார் வழக்காற்றியலின் முன்னோடியாகிவிட்ட முதிய யனகிதா பழைய தேங்காயை மறுபடி கையில் எடுத்தார். காய் வந்த கடல்வழியிலேயே மனிதர்களும் வந்திருக்கலாம் அல்லவா? சோழி தேடி ஒகினாவாவின் மியாகோ தீவுக்கு வந்தவர்கள் நெல்லோடு வடக்கே போய்க் குடியேறினார்கள், அவர்களே ஜப்பானியரின் மூதாதையர் என்பது அவருடைய கருத்து. அந்தக் கட்டுரைகள் 1961-ல் 'கடல்வழிப் பாதை' என்று நூலாயின. மறு ஆண்டே அவர் காலமானார்.

அகழாய்வாளர்கள் இதை ஏற்கவில்லை. நெல் கொரியத் தீபகற்பம் வழியாகக் கியூஷுவுக்கு வந்தது என்பதே பெரும்பாலோர் முடிவு. எனக்கு அதைவிடப் பெரிய குறையாகப் படுவது வேறு. 1945-ல் போர்க்களமாகி, பிறகு ராணுவத் தளங்களுக்கு நிலத்தைப் பறிகொடுத்த தீவு ஒகினாவா. அதை மூதாதையர் வந்த வழியாக மட்டும் பார்த்தால், அங்கே வாழ்கிறவர்கள் கண்ணில் படாமல் போகிறார்கள். ஆனாலும், பல்லாயிரம் ஆண்டுப் பயணத்தை ஒரு காயிலிருந்து கற்பனை செய்த அந்த உரைநடையின் அழகை மறுக்க முடியாது.

யனகிதாவை இலக்கியமாகப் படியுங்கள். கூடவே ஒகினாவாக்காரர் ஓஷிரோ தத்சுஹிரோ எழுதி, 1967-ல் அகுதகவா இலக்கியப் பரிசு பெற்ற 'காக்டெயில் பார்ட்டி' குறுநாவலையும் படியுங்கள். அமெரிக்க ஆட்சியின் கீழ் அந்தத் தீவு பட்ட பாட்டை அதில் ஒகினாவாவே பேசுகிறது.