தெளிவான படம்: பாராட்டு யாருக்கு?

திரையில் முகம் பளிச்சென்று தெரிந்தால் "நல்ல கேமரா" என்று சொல்லிவிடுகிறோம். அந்தப் பாராட்டில் பெரும்பங்கு மனிதர்களுக்குச் சேர வேண்டியது. படச்சுருள் காலத்திலிருந்து இரண்டு சான்றுகளைப் பார்ப்போம்.

முதலாவது, 1941இல் வெளிவந்த ஆர்சன் வெல்ஸின் 'சிட்டிசன் கேன்'. அருகில் இருப்பவரும் அறைக் கோடியில் நிற்பவரும் ஒருசேரத் தெளிவாகத் தெரிய வேண்டும் என்று விரும்பினார் ஒளிப்பதிவாளர் கிரெக் டோலண்ட். லென்ஸின் துவாரத்தைச் சுருக்கினால் இது முடியும். ஆனால் வெளிச்சம் குறைந்துவிடும். அதை ஈடுகட்ட அவர் சக்திமிக்க விளக்குகளையும் குறைந்த ஒளியிலும் பதியக்கூடிய படச்சுருளையும் பயன்படுத்தினார்.

ஒரு காட்சிக்கு அதுவும் போதவில்லை. கேமராவுக்கு மிக அருகே ஒரு கண்ணாடிக் குவளை, நடுவே கட்டிலில் மயங்கிக் கிடக்கும் பெண், பின்னால் கதவு. முதலில் அறையை இருட்டாக்கிக் குவளையைப் படம் பிடித்தார்கள். பிறகு அதே சுருளைப் பின்னோக்கிச் சுற்றி, குவளைப் பக்கத்தை இருட்டாக்கி அறையைப் படம் பிடித்தார்கள்.

இரண்டாவது, 1975இல் ஸ்டான்லி குப்ரிக் இயக்கிய 'பேரி லிண்டன்'. 18ஆம் நூற்றாண்டுக் கதை என்பதால் சில இரவுக் காட்சிகளை மெழுகுவர்த்தி வெளிச்சத்திலேயே எடுத்தார். அதற்கென நாசாவுக்காக சைஸ் நிறுவனம் தயாரித்த எஃப் 0.7 லென்ஸை வாங்கினார். இங்கே கணக்கு தலைகீழ். துவாரம் பெரிது, வெளிச்சம் கிடைத்தது. நடிகர் சற்றே முன்னால் சாய்ந்தாலும் முகம் மங்கிவிடும்.

ஃபோகஸ் பொறுப்பில் இருந்த டக்ளஸ் மில்சம், நடிகருக்குப் பக்கவாட்டில் ஒரு வீடியோ கேமராவை நிறுத்தினார். அதன் திரையில் நடிகர் நகரும் தூரத்தைக் கணித்து லென்ஸைத் திருப்பினார். ஒளிப்பதிவுக்கான ஆஸ்கார் விருது ஜான் ஆல்காட்டுக்குக் கிடைத்தது. மில்சமும் பின்னர் குப்ரிக்கின் 'ஃபுல் மெட்டல் ஜாக்கெட்' (1987) படத்திற்கு ஒளிப்பதிவாளரானார்.

அன்று எடுத்தது சரியா என்பது படச்சுருளைக் கழுவிய பிறகே உறுதியாகும். இன்று கைத்தொலைபேசியே முகத்தைக் கண்டுபிடித்துத் தெளிவாக்கிவிடுகிறது. வசதிதான். ஆனால் இந்தக் காட்சியில் பார்வையாளர் கவனிக்க வேண்டியது முகமா, குவளையா, கதவா என்பது அதற்குத் தெரியாது. படமெடுக்கப் புறப்படும் நம் இளைஞர்கள் அந்த முடிவைக் கருவியிடம் ஒப்படைத்துவிடக் கூடாது.