துவக்கில் "12 போர்" என்றால் என்ன?



பன்றியிடமிருந்து பயிரைக் காக்க அனுமதிப்பத்திரத்தோடு வைத்திருக்கும் சொட்கனை எமது பகுதியில் "12 போர்" என்கிறோம். இந்தப் போருக்கும் யுத்தத்துக்கும் சம்பந்தமில்லை. துளை என்று பொருள்படும் ஆங்கிலச் சொல் அது. துவக்குக் குழலின் உள்துளையைக் குறிக்கிறது. அப்படியானால் 12 என்பது மில்லிமீற்றரா? இல்லை. அந்தத் துளையை அளந்தால் ஏறக்குறைய 18.5 மில்லிமீற்றர் வரும்.

விடை இறாத்தலில் இருக்கிறது. கடையில் ஒரு இறாத்தல் பாண் கேட்கிறோமே, அதே இறாத்தல்தான். சரியாகச் சொன்னால் 453.6 கிராம். ஒரு இறாத்தல் ஈயத்தை 12 சம உருண்டைகளாக வார்த்தால், ஒவ்வொன்றும் 37.8 கிராம் இருக்கும். அந்த உருண்டை அளவாகப் பொருந்தும் குழலே 12 போர். 20 உருண்டைகளாக வார்த்தால் உருண்டை சிறுக்கும், குழலும் ஒடுங்கும். 20 போரின் துளை 15.6 மில்லிமீற்றர்தான். இலக்கம் கூடினால் துளை குறையும் என்பது இதனால்தான்.

ஏன் நிறையால் அளந்தார்கள்? துளையை நுணுக்கமாக அளக்கும் கருவி அரிதாக இருந்த காலத்திலும் தராசு எங்கும் இருந்தது. ஒல்லாந்தர் 1667இல் கற்பிட்டிக் கோட்டையைக் கட்டத் தொடங்கிய காலத்தில், பீரங்கிகளையும் அவை சுடும் இரும்புக் குண்டின் நிறையைச் சொல்லியே அழைத்தார்கள். இறாத்தல் என்ற சொல்லும் தூரத்திலிருந்து வந்ததே. அறபு மொழியின் "ரத்ல்" போர்த்துக்கேயர் வாயில் புகுந்து எம்மிடம் வந்து சேர்ந்தது. துவக்கு என்பதன் மூலம் துருக்கிய மொழி.

பிற்காலத்து ரைபிள்களைத் துளையின் விட்டத்தால் அளக்கிறார்கள். அதைக் "கலிபர்" என்பார்கள். அச்சு என்று பொருள்படும் "காலிப்" என்ற அறபுச் சொல்லே அதன் வேர் என்பது அறிஞர் பலரின் கருத்து. யுத்த காலத்தில் நாம் அதிகம் கேள்விப்பட்ட ரி-56 துவக்கின் கலிபர் 7.62 மில்லிமீற்றர். பெயரிலுள்ள 56 அளவல்ல, 1956 என்ற ஆண்டு.

இது வெறும் சொல்லாராய்ச்சி அல்ல. 20 பெரிய இலக்கம், ஆகவே பெரிய தோட்டா என்று எண்ணி 12 போர் துவக்கில் போட்டால், அது உள்ளே வழுக்கிச் சென்று குழலில் சிக்கிக்கொள்ளும். வெளியே பார்ப்பவருக்குத் துவக்கு வெறுமையாகத் தெரியும். அதன் பின்னால் 12 போர் தோட்டாவைப் போட்டுச் சுட்டால் குழல் வெடித்துக் கையையும் கண்ணையும் பறித்துவிடும். 20 போர் தோட்டாக்களை மஞ்சள் நிறத்தில் செய்யும் வழக்கம் வந்ததும் இந்த ஆபத்தைத் தடுக்கத்தான்.

ஆகவே அனுமதியோடு துவக்கு வைத்திருப்போர், குழலில் பொறித்த இலக்கமும் தோட்டாவின் அடியிலுள்ள இலக்கமும் ஒன்றா என்று ஒவ்வொரு முறையும் பாருங்கள். வீட்டிலுள்ள இளைஞர்களுக்கும் இதைச் சொல்லி வையுங்கள்.