மணவுறவும் மரணதண்டனையும்: நான்காம் நோர்போக் கோமகனின் குடும்பம்

நான்காம் நோர்போக் கோமகனான தோமஸ் ஹவார்ட் (1538–1572), ஸ்கொத்லாந்து அரசி மேரியை மணக்க விரும்பித் தலையை இழந்த பேதை எனவே பெரிதும் சித்திரிக்கப்படுகின்றான். அவனது குடும்ப வரலாற்றை நுணுகி நோக்குமிடத்து, இக்கணிப்பு முழுமையற்றது என்பது புலனாகும்.

ஹவார்ட் குடும்பத்தின் உயர்வும் வீழ்ச்சியும் அரியணைக்கு அண்மையில் அது இருந்தமையாலேயே விளைந்தன. தோமஸின் தந்தையும் கவிஞனுமான சறே பிரபு, 1547 ஜனவரி 19 இல் தேசத்துரோகக் குற்றத்தின் பேரில் சிரச்சேதம் செய்யப்பட்டான். பாட்டனுக்கும் அதே தண்டனை காத்திருந்தது. ஜனவரி 28 இல் எட்டாம் ஹென்றி மன்னன் இறந்தமையால் அவன் உயிர் தப்பினான். 1554 இல் பாட்டன் இறக்க, தோமஸ் தனது 16 ஆவது வயதில் கோமகனானான்.

நிலமே அதிகாரத்தின் அடிப்படையாயிருந்த அச்சமுதாயத்தில், நிலத்தைப் பெருக்கத் திருமணம் சிறந்த கருவியாயிற்று. தோமஸ் மும்முறை மணந்தான். முதல் மனைவி அரண்டல் பிரபுவின் மகள். இரண்டாமவள் ஓட்லி பிரபுவின் மகள். மூன்றாமவள் டேக்கர் பிரபுவின் விதவை. மூவருமே மகப்பேற்றை அடுத்து இறந்தனர். டேக்கர் குடும்பத்துப் பெண்மக்கள் மூவரையும் தன் புதல்வர் மூவருக்கும் மணம்பேசி, அக்குடும்ப நிலங்களையும் தன் வழிக்குக் கொணர முற்பட்டான்.

மேரியை மணக்கும் திட்டமும் இக்கொள்கையின் தொடர்ச்சியே. மதப்பற்றே அதற்குக் காரணமெனல் பொருந்தாது. புரட்டஸ்தாந்து அறிஞர் யோன் பொக்ஸிடம் கல்வி கற்ற அவன், கொலைமேடையிலும் தான் கத்தோலிக்கன் அல்லன் என்றே கூறினான். ஆயின் மேரி இங்கிலாந்தின் முடிக்கு உரிமை கோரக்கூடியவள். நிலத்தைச் சேர்த்த திருமணம் முடியையும் நாடியபோது துரோகமாகக் கருதப்பட்டது. 1569 இல் சிறையிடப்பட்ட தோமஸ் அடுத்த ஆண்டு விடுதலை பெற்றான். எனினும் 1571 இல் றிடொல்பி சதியில் தொடர்புற்றமை வெளிப்பட, 1572 ஜூன் 2 இல் சிரச்சேதம் செய்யப்பட்டான்.

கோமகன் பட்டம் பறிபோயிற்று. 1660 வரை அது மீளவில்லை. ஆயினும் குடும்பம் அழியவில்லை. மூத்த மகன் பிலிப், 1580 இல் தாய்வழியாக அரண்டல் பிரபுவானான். கத்தோலிக்கனாக மாறிய அவனும் 1595 இல் இலண்டன் கோபுரச் சிறையில் மடிந்தான். எனினும் அப்பட்டம் 1604 இல் அவனுடைய மகனுக்கு மீண்டது. இரண்டாம் மகன் தோமஸ், தாய்வழிச் சொத்தான ஓட்லி நிலத்தில் பெருமாளிகை எழுப்பினான். 1603 இல் சபொக் பிரபுவுமானான்.

தந்தைவழி வந்த பெருமையை அரசு ஒரே தீர்ப்பினாற் பறித்தது. வீழ்ந்த குடும்பத்தைத் தாங்கி நின்றது தாய்வழி உரிமையே. ஹவார்ட் வரலாறு கொலைமேடையேறிய ஆடவரின் கதையாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. மகப்பேற்றில் உயிர்நீத்த பெண்களுக்கும் அவ்வரலாற்றில் உரிய இடம் அளிக்கப்படல் வேண்டும்.