கானாவின் சிறுவர் பாடல்கள்

மேற்கு ஆப்பிரிக்க நாடான கானாவில், குறிப்பாக அக்கான் மக்களிடையே, வாழ்க்கை நெறிகளைப் பிள்ளைகளிடம் சேர்க்க நெடுங்காலமாக வழங்கிவருபவை சிறுவர் பாடல்கள். கதையோடும் விளையாட்டோடும் இணைந்தே இவை பாடப்படுகின்றன.

மரபு வடிவங்கள்

இரவில் அனான்சே என்னும் சிலந்தியின் கதை சொல்லப்படும்போது, கேட்போரில் ஒருவர் இடைமறித்துப் பாட்டெடுப்பார். மற்றவர்கள் கைதட்டிப் பின்பாட்டுப் பாடுவர். 'ம்மோகுவோ' எனப்படும் இந்த இடைப்பாட்டால், அனான்சேயின் பேராசைக்கு நேரும் கதியைப் பிள்ளைகள் பாடியே மனத்தில் பதித்துக்கொள்கின்றனர்.

கல் கடத்தும் விளையாட்டில் பிள்ளைகள் வட்டமாக அமர்ந்து பாடுவர். தாளம் விழும்போது ஒவ்வொருவரும் கையிலுள்ள கல்லைப் பக்கத்துப் பிள்ளையின் முன் வைக்க வேண்டும். ஒருவர் தாளம் தப்பினால் அவர் முன் கற்கள் குவிந்துவிடும். தன் பங்கைத் தவறவிட்டால் கூட்டமே தடுமாறும் என்பதை அறிவுரை இன்றியே கை கற்றுக்கொள்கிறது.

மிஷன் பள்ளிகள்

1828இல் கானாவுக்கு வந்த கிறித்தவச் சமய அமைப்பான பாசல் மிஷன், 1848இல் அக்ரோபாங் என்னும் ஊரில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி தொடங்கியது. மிஷன் பள்ளிகளில் ஐரோப்பிய மெட்டுகளில் அக்கான் மக்களின் ட்வி மொழிச் சொற்களைப் பொருத்திப் பாடினர். ட்வியில் குரலின் ஏற்ற இறக்கம் மாறினால் சொல்லின் பொருளே மாறிவிடும். அதனால் அயல் மெட்டுகளில் பொருள் சிதைந்தது.

மீட்பு

இக்குறையைக் களைய முனைந்தவர் எஃப்ராயிம் ஆமு (1899–1995). அக்ரோபாங் கல்லூரியில் ஆசிரியராக இருந்த அவர், பேச்சின் ஏற்ற இறக்கத்தை ஒட்டியே மெட்டமைத்தார். 1929இல் இயற்றிய 'யென் ஆரா அசாசே நி' ('இது நம் சொந்த மண்') முன்னோரின் தியாகத்தையும் அடுத்த தலைமுறையின் கடமையையும் பேசுகிறது. நாட்டு உடையில் பிரசங்கம் செய்ததும் ஆப்பிரிக்க இசையை வழிபாட்டில் புகுத்தியதும் எதிர்ப்பைக் கிளப்பின. 1933இல் கல்லூரியிலிருந்து நீக்கப்பட்டார். பின்னர் அச்சிமோட்டா கல்லூரியில் பணியைத் தொடர்ந்தார்.

அக்ரோபாங்கில் பயின்ற இசையறிஞர் குவாபெனா என்கெட்டியா (1921–2019), 'ஆப்பிரிக்காவின் இசை' (1974) என்னும் நூலில், மரபிசை வகுப்புப் பாடமாக அல்லாமல் சமூக வாழ்வில் கலந்துகொள்வதாலேயே கைவரப்பெறுகிறது என விளக்கினார். 1987ஆம் ஆண்டுக் கல்விச் சீர்திருத்தம் பண்பாட்டுக் கல்வியைப் பள்ளிப் பாடமாக்கி, மரபிசைக்கும் அதில் இடமளித்தது. பணியிழந்த ஆசிரியர் ஆமுவின் 'யென் ஆரா அசாசே நி' பாடல், இன்று கானாவில் நாட்டுப்பண்ணுக்கு அடுத்த மதிப்புடன் பாடப்படுகிறது.